இரைச்சல் மிகுந்த தொழிலிடங்களில் தொழிலாளர்களின் செவித்திறனைக் காத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தறிக்குடோன், நூற்பாலை, வார்ப்பாலை, கல் உடைக்கும் கிரஷர், தகடு வெட்டும் பட்டறை ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களும் அவற்றை நடத்துபவர்களும் செவித்திறன் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஆளுக்கு ஒரு ஜோடி இயர் பிளக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம் தொழிலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பது முதல் வேலை. காதை அடைப்பது மற்ற வழிகள் போதாதபோது செய்ய வேண்டிய கடைசி வேலை. கீழுள்ள விடைகள் அனைத்தும் இந்த நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை.

எவ்வளவு இரைச்சல் காதுக்குக் கேடு செய்யும்?

இரைச்சலின் அளவும் அதில் நாம் இருக்கும் நேரமும் சேர்ந்தே கேட்டைத் தீர்மானிக்கின்றன. மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' அளவுகோலில் 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருப்பதே மேல் எல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்தாலும் பல ஆண்டுகள் தொடர்ந்தால் ஒரு சிலருக்குப் பாதிப்பு வரவே செய்யும் என்பதால், 85 என்பது முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று கொள்ளக் கூடாது.

இங்கே பலர் கவனிக்கத் தவறுவது வேலை நேரத்தின் நீளம். மேற்கு மாவட்டங்களின் விசைத்தறிகளில் 12 மணி நேர ஷிப்டு இன்றும் வழக்கத்தில் உள்ளது. நேரம் ஒன்றரை மடங்காகும்போது அனுமதிக்கத்தக்க அளவு 85-இலிருந்து ஏறத்தாழ 83 டெசிபலாக இறங்கிவிடும். குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் நாடா ஓடும் பழைய தறிகள் வரிசையாக நிற்கும் குடோனில் 95 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. 100-ஐத் தொடுவதும் அரிதல்ல.

90 டெசிபலுக்கும் 93 டெசிபலுக்கும் மூன்றுதானே வேறுபாடு? அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எடுத்துக்கொள்ள வேண்டும். டெசிபல் என்பது மடக்கை அளவு. மீட்டர், கிலோகிராம் போல நேராகக் கூட்டிக் கழிக்கும் அளவு அன்று. 3 டெசிபல் கூடினால் காதுக்குள் செல்லும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ஒரே அளவு சத்தம் தரும் இரண்டு இயந்திரங்கள் அருகருகே ஓடினால் மொத்த அளவு 3 டெசிபல் மட்டுமே உயரும் என்பதும் இந்தக் கணக்கின்படிதான்.

இதே கணக்கின்படி, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது: 85-இல் 8 மணி, 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். ஆகவே ஓர் இயந்திரத்தில் மூன்று, நான்கு டெசிபல் குறைத்துவிட்டேன் என்று பராமரிப்புப் பணியாளர் சொன்னால், அவர் பாதிக்கு மேற்பட்ட ஆபத்தை அகற்றியிருக்கிறார் என்று பொருள்.

அளவிடும் கருவி இல்லாத இடத்தில் இரைச்சல் மிகுதி என்பதை எப்படி அறிவது?

கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதாவது சுமார் ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரிடம் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கு இரைச்சல் 85 டெசிபலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டியிருக்கும் இடங்களிலும், சைகையும் உதட்டசைவும் கொண்டே பேசும் இடங்களிலும் அளவு அதைவிட மிகக் கூடுதலாகவே இருக்கும். ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்ததுபோல் இருப்பதும், உள்ளே 'ஙொய்' என்று ஒரு சத்தம் தொடர்வதும், வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர்கள் கூட்ட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கூட்டுவதும் அன்றைய இரைச்சல் எல்லை மீறியதற்கான அடையாளங்கள்.

கைப்பேசிச் செயலிகள் ஒரு முதல் எச்சரிக்கைக்குப் பயன்படும். ஆனால் கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதாலும், மாதிரிக்கு மாதிரி அது வேறுபடுவதாலும், சட்டத்தின் முன் வைக்கும் சான்றாக அதைக் கொள்ள முடியாது. அதற்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்ட ஒலி அளவுமானி வேண்டும். இடம் மாறி மாறி வேலை செய்பவர்களுக்குத் தோள்பட்டையில் பொருத்தும் டோசிமீட்டர் வேண்டும்; அது ஷிப்டு முழுவதும் காதுக்கு அருகில் சேரும் இரைச்சலைக் கூட்டிச் சொல்லும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மிகுந்த இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. அதாவது, தொழிலாளிக்கு அத்தகைய நோய் இருப்பதைக் காணும் மருத்துவர் அதை உரிய அரசு அலுவலகத்திற்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இரைச்சல் மிகுந்த பணிகளுக்கான மாதிரி விதிகள் 8 மணி நேரத்திற்கு 90 டெசிபலை எல்லையாக வைத்து, ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகின்றன: 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி, 105-இல் 1 மணி, 110-இல் அரை மணி. 115 டெசிபலுக்கு மேற்பட்ட தொடர் இரைச்சலில் எவரையும் வெறும் காதோடு நிறுத்தக் கூடாது.

2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்திற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் அட்டவணையிலும் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது.

100 டெசிபலில் நம் விதி 2 மணி நேரம் அனுமதிக்கிறது. நயோஷ் 15 நிமிடம் மட்டுமே அனுமதிக்கிறது. ஒரே காது, ஒரே இரைச்சல், எட்டு மடங்கு நேர வேறுபாடு. பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு விதிகள் 80 டெசிபலிலேயே தகவலும் பயிற்சியும் தரச் சொல்கின்றன; 85-இல் காதுக் காப்பைக் கட்டாயமாக்குகின்றன. தமிழ்நாட்டிலிருந்து பலர் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரிலும் 2011 முதல் 85 டெசிபலே 8 மணி நேர எல்லை. எனவே 90-க்குள் இருப்பது சட்டத்திற்குப் போதும் என்றாலும் காதுக்குப் போதாது. நல்ல நிர்வாகம் 85-ஐயே தன் எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்பேட்டைக்கு 75 டெசிபல் என்று ஒரு விதி இருப்பதாகச் சொல்கிறார்களே?

அது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தொழிற்பகுதியின் சுற்றுப்புறத்தில் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்பது அக்கம்பக்கத்தாரின் அமைதிக்காக வகுக்கப்பட்டது. கூரைக்குள் நிற்கும் தொழிலாளியின் காதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மதிற்சுவருக்கு வெளியே அளந்து பெற்ற சான்றிதழைக் காட்டி உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதை ஏற்கக் கூடாது.

இரைச்சல் காதுக்குள் என்ன செய்கிறது? மருந்தோ அறுவை சிகிச்சையோ இருக்கிறதா?

உள்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அலைகளை நரம்புச் சைகைகளாக மாற்றுபவை அவையே. அளவுக்கு மீறிய ஒலி நாள்தோறும் தாக்கும்போது அவற்றின் நுண்மயிர்கள் சாய்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, இறுதியில் அணுவே இறந்துபோகிறது. மனிதரில் இவ்வணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. தொடக்கத்தில் ஓரிரவு ஓய்வில் செவித்திறன் திரும்பிவிடுவதுபோல் தோன்றும். அந்தத் தற்காலிக இழப்பு திரும்பத் திரும்ப நேரும்போது நிரந்தரமாகிறது. இறந்த அணுக்களை மீட்கும் மருந்தோ அறுவை சிகிச்சையோ இன்று இல்லை.

சம்மட்டி அடி, பவர் பிரஸ், ஃபோர்ஜிங் சுத்தியல் போன்றவற்றிலிருந்து நொடியின் சிறு பகுதிக்குள் எழுந்து மறையும் அதிர்வோசை இன்னும் கொடியது. காதுக்குத் தற்காத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. உச்ச அளவு 140 டெசிபலைக் கடந்தால் ஒரே வெடிப்பிலும் செவித்திறன் போய்விடலாம்.

இது புதிதாக அறியப்பட்டதும் அன்று. செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்பவர்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்தார். 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்து, அவர்களுக்கு நேர்ந்திருந்த பெரும் இழப்பைப் பதிவு செய்தார்.

எனக்கு இரைச்சல் பழகிவிட்டது. பத்து ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் இல்லை. இனி என்ன ஆகிவிடப் போகிறது?

இரைச்சல் எவருக்கும் பழகுவதில்லை. முன்பு எரிச்சலூட்டிய சத்தம் இப்போது உறுத்தவில்லை என்றால், அதைக் கேட்கும் அணுக்களில் ஒரு பகுதி அழிந்திருக்க வாய்ப்புண்டு. இந்த இழப்பில் வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் பத்தாண்டுகளில்தான் இழப்பு மிக வேகமாக நடக்கிறது. அது பேச்சொலியைத் தொடும் வரை தொழிலாளிக்குத் தெரிவதில்லை. தொந்தரவு இல்லை என்பதை வைத்துப் பாதிப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாத நோய் இது. செவித்திறன் சோதனை ஒன்றே அதைக் காட்டிக் கொடுக்கும்.

சத்தம் கேட்கிறது; ஆனால் சொல் புரியவில்லை. இது ஏன்?

இரைச்சல் முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலுமுள்ள உயர் அதிர்வெண்களை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. அவை காதுக்கு எட்டிவிடுகின்றன. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்களின் வேறுபாட்டைத் தாங்கி வருவது வலுக்குறைந்த உயர் அதிர்வெண் ஒலி. அதுதான் முதலில் போகிறது. அதனால் 'பத்து' என்றது 'பட்டு' என்று கேட்கும். பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் மேலும் சிரமம் தரும். திருமண மண்டபம், சந்தை போன்ற கூட்டமான இடங்களில் பேச்சு முற்றிலும் குழம்பிவிடும். சொன்னதைக் காதில் வாங்குவதில்லை, வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார் என்று வீட்டில் எழும் மனத்தாங்கல்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்த இழப்பு இருக்கிறது. அதைக் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா? எண்ணெய் விடலாமா?

பஞ்சு சத்தத்தைக் குறைக்கும் அளவு மிகச் சொற்பம். நூற்பாலையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை நம்ப வேண்டாம். எண்ணெயால் உள்காதின் மயிரணுக்களுக்கு எந்தப் பயனும் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு அது தொற்றையும் கொண்டுவரும்.

தொழிலக உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

முதலில் எந்த இயந்திரம், எந்த இயக்கம், எந்த நேரத்தில் இரைச்சலைத் தருகிறது என்று அளந்து ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். அளக்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண். அதன் பிறகு, செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததுமான பராமரிப்பில் தொடங்கலாம். தேய்ந்த பேரிங், தளர்ந்த போல்ட், கிரீஸ் காய்ந்த பல்சக்கரம், ஆடும் தகட்டு மூடி, சமநிலை தவறிய விசிறி ஆகியவை இரைச்சலையும் கூட்டும், இயந்திரத்தின் ஆயுளையும் குறைக்கும். இவற்றைச் சரிசெய்வதால் உரிமையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை.

அழுத்தக் காற்று தனியே பேசத்தக்கது. பட்டறைகளில் தூசி தட்டவும் உதிரிப்பாகங்களைத் தள்ளவும் பயன்படும் ஏர் கன் 100 டெசிபலை எளிதாக எட்டும். திறந்த குழாய் முனைக்குப் பதிலாக இரைச்சல் குறைந்த நாசிலைப் பொருத்துவதும், தேவைக்கு மேற்பட்ட அழுத்தத்தைக் குறைப்பதும், காற்று வெளியேறும் துளைகளில் சைலன்சர் வைப்பதும், கசிவுகளை அடைப்பதும் மிகச் சிறிய செலவில் முடிந்துவிடும் வேலைகள். மின்கட்டணமும் குறையும். இதைச் செய்யாமல் இயர் பிளக் வாங்கும் பட்டறைகளைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

உலோகத் துண்டுகள் உயரத்திலிருந்து இரும்புத் தொட்டியில் விழும் இடங்களில் விழும் உயரத்தைக் குறைத்து, தொட்டியின் உட்புறத்தில் ரப்பர் விரிக்கலாம். அதிரும் தகடுகளில் அதிர்வு உறிஞ்சும் பூச்சைப் பூசலாம். இயந்திரத்தின் அடியில் ரப்பர் பேட் வைத்து, தளத்திற்குப் போகும் அதிர்வைத் தடுக்கலாம். கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் ஆட்கள் நிற்கும் கூடத்திலிருந்து வெளியேற்றித் தனி அறையில் வைக்கலாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது இரைச்சல் 6 டெசிபல் குறையும். தகரக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலியால் அவ்வளவு குறையாது. புதிதாக இயந்திரம் வாங்கும்போது விலைப்பட்டியலோடு இரைச்சல் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் சிறந்த வழி. வாங்கிய பின் குறைப்பதற்கு ஆகும் செலவு அப்போது மிச்சம்.

இவற்றுக்குப் பிறகு வருவது ஆட்களை மாற்றி அமைப்பது. ஒருவரையே எட்டு மணி நேரமும் கிரைண்டிங்கில் நிறுத்தாமல் சுழற்சி முறையில் நிறுத்தலாம். தேநீருக்கும் உணவுக்கும் இரைச்சல் எட்டாத ஓய்விடம் தரலாம். இரைச்சல் மிகுந்த வேலையைக் குறைந்த ஆட்கள் இருக்கும் நேரத்துக்கு மாற்றலாம். ஆனால் 100 டெசிபல் உள்ள இடத்தில் சுழற்சி மட்டும் உதவாது. அது ஒருவருக்கு நேரும் கேட்டை நால்வருக்குப் பகிர்ந்து கொடுப்பதாகவே முடியும்.

விசைத்தறியில் இரைச்சலைக் குறைப்பது சாத்தியமா?

நாடாத் தறியின் இரைச்சலில் பெரும்பங்கு நாடாவை அடித்துத் தள்ளும்போதும், மறுமுனையில் அதை நிறுத்தும்போதும் பிறக்கும் மோதலிலிருந்து வருகிறது. அந்த மோதல்தான் தறியின் இயக்கமே என்பதால் அதை முழுவதும் நீக்க முடியாது. அடிதாங்கும் பாகங்களைத் தேய்ந்தவுடன் மாற்றுவதும் தறியின் அடியில் அதிர்வுத் தாங்கி வைப்பதும் ஓரளவுக்கு உதவும். நாடா இல்லாத ரேப்பியர், ஏர்ஜெட் தறிகளுக்கு மாறினால் நாடா மோதும் ஓசை நீங்கும் என்றாலும், அவையும் வேகமாக ஓடும்போது 85 டெசிபலைத் தாண்டக்கூடியவையே. ஆகவே தறிக்குடோனில் கூரை, சுவர்களில் ஒலி உறிஞ்சும் பரப்புகளும், முறையான காதுக் காப்பும், ஆண்டுச் சோதனையும் தேவைப்படும். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற இடங்களில் வீட்டின் ஒரு பகுதியிலேயே தறி ஓடுவதால், தறி ஓட்டாத முதியோரும் குழந்தைகளும் அதே இரைச்சலில் நாள் முழுதும் வாழ்கிறார்கள். தறிக்கும் வீட்டிற்கும் நடுவே கனமான சுவரும் இடைவெளியின்றி மூடும் கதவும் வைப்பது அவசியம்.

சுவரில் தெர்மோகோல், முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் குறையுமா?

குறையாது என்றே கொள்ளலாம். தெர்மோகோல் மூடிய நுண்ணறைகள் கொண்டது. ஒலியை உறிஞ்சாது, எடை இல்லாததால் தடுக்கவும் தடுக்காது. தீப்பற்றினால் வேகமாக எரியும் என்பதால் பஞ்சும் நூலும் உள்ள இடத்தில் அது ஆபத்து. கண்ணாடி இழை, கல் கம்பளி போன்றவை உறிஞ்சும். செங்கல், கனத்த தகடு போன்ற எடைமிகு பொருள்கள் தடுக்கும். இயந்திரத்தை மூடும் உறைக்குள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே பயன் வெளியேறிவிடும்.

இயர் பிளக் நல்லதா, காதுமடலை முழுவதும் மூடும் இயர் மஃப் நல்லதா?

சரியாகவும் இடைவிடாமலும் அணியப்படுவது எதுவோ அதுவே நல்லது. வியர்வை பெருகும் நம் கோடையில் மஃப் அணிந்து எட்டு மணி நேரம் நிற்பது கடினம். அங்கே பிளக் பொருந்தும். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியவர்களுக்கும், அழுக்கும் எண்ணெயும் படிந்த கைகளோடு வேலை செய்பவர்களுக்கும், காதில் சீழ் வடிபவர்களுக்கும் மஃப் மேல். கண்ணாடியின் காலும், தலைமுடியும், தலைத்துண்டும் மஃபின் விளிம்புக்கு அடியில் புகுந்தால் பாதுகாப்பு குறையும். இரண்டு, மூன்று வகைகளை வாங்கிவைத்துத் தொழிலாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரே வகையை எல்லாருக்கும் திணிக்கும் இடங்களில் அவை சட்டைப் பையிலேயே தங்கிவிடுகின்றன.

மிக உயர்ந்த இரைச்சலில் இரண்டையும் சேர்த்து அணியலாம். ஆனால் இரண்டின் மதிப்பையும் கூட்டக் கூடாது. இரண்டில் சிறந்ததோடு சுமார் 5 டெசிபல் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும்.

நுரை பிளக்கை எப்படிச் செருக வேண்டும்?

கைகளைக் கழுவிவிட்டு, பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய உருளையாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்தால் வளைந்த காதுத் துளை நேராகும். அப்போது பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும் வரை 20 முதல் 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பாதுகாப்பு இல்லை என்றே பொருள். சரிபார்க்க, இரைச்சலில் நின்றபடி இரு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்தி மூடிப் பாருங்கள். சத்தம் மேலும் கணிசமாகக் குறைந்தால் பிளக் ஒழுங்காக உட்காரவில்லை. இதை ஒருமுறை பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பத்து அறிவிப்புப் பலகைகள் செய்யாததை அது செய்துவிடும்.

பொட்டலத்தில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

அந்த எண் ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்கள் கவனமாக அணிந்தபோது கிடைத்தது. தொழிலிடத்தில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. தனிப்பட்ட பொருத்தச் சோதனை செய்யாத இடங்களில் மஃபுக்கு அந்த எண்ணில் கால்பங்கும், உருட்டிச் செருகும் நுரை பிளக்குக்குப் பாதியும், மற்ற பிளக்குகளுக்கு 70 விழுக்காடும் கழித்துக்கொள்ளுமாறு நயோஷ் கூறியிருந்தது. 30 என்று போட்ட நுரை பிளக்கை 15 என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவது அறிவுடைமை.

பேசுவதற்காகச் சிறிது நேரம் மட்டும் கழற்றினால் என்ன?

உண்மையிலேயே 30 டெசிபல் குறைக்கும் காப்பை 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் கழற்றிவைத்தாலும், நாள் முழுவதற்குமான சராசரிப் பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபலாக வீழ்ந்துவிடும். பாதி நேரம் கழற்றியிருந்தால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. கழற்றிய அந்த நேரத்தில் நுழையும் ஆற்றல், மீதி நேரம் முழுவதும் தடுத்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. எனவே பேச வேண்டுமானால் இரைச்சலுக்கு வெளியே சென்று கழற்ற வேண்டும். உள்ளே நின்று கழற்றக் கூடாது. சூப்பர்வைசர்கள் சில நிமிடம்தானே என்று வெறும் காதோடு கூடத்தில் நடப்பது, அவர்களுக்கும் கேடு, பார்ப்பவர்களுக்கும் தவறான எடுத்துக்காட்டு.

காதை அடைத்தால் இயந்திரத்தின் கோளாறும் எச்சரிக்கை மணியும் கேட்காதே?

நியாயமான அச்சம். தேவைக்கு மிஞ்சிய காப்பு அணிந்தால் அது உண்மையாகும். அதனால்தான் காப்புக்குள் 70 முதல் 80 டெசிபல் இருக்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். 90 டெசிபல் கூடத்தில் மிக வலிமையான மஃப் தேவையில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடங்களில் ஒலியோடு சுழலும் விளக்கும் வைக்க வேண்டும். இயந்திரத்தின் ஒலி மாற்றத்தைக் காப்போடு கேட்டு அறிவதற்குச் சில வாரப் பழக்கம் போதும்.

பாட்டுக் கேட்கும் இயர்போன் போட்டுக்கொண்டால்?

அது காப்பு ஆகாது. சுற்றியுள்ள இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாட்டின் ஒலி கூட்டப்படும். காதுக்கு இரண்டு சுமையும் சேரும்.

செவித்திறன் சோதனையை எப்போது, எப்படிச் செய்ய வேண்டும்?

இரைச்சல் மிகுந்த வேலையில் சேரும்போதே ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முதல் சோதனை அடிப்படைச் சோதனை. பின்வருவன எல்லாம் அதனோடு ஒப்பிடப்படும். அதற்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலில் இல்லாமல் இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்ததும் அப்படியே அழைத்துச் சென்றால் தற்காலிக இழப்பையே நிரந்தர இழப்பாகக் காட்டும். ஒலி புகாத அறையில் 500 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிப்பார்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்து 8000-இல் மீண்டும் ஏறினால் அது இரைச்சலின் கைவரிசை. 2000, 3000, 4000 ஆகிய மூன்றின் சராசரியில் 10 டெசிபல் இறங்கியிருந்தால் உடனே வேலையிடத்தையும் காப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தொழிற்சாலைக் கூடத்தின் மூலையில் மேசை போட்டு, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்தும் சோதனைகளுக்கு மதிப்பில்லை. முடிவின் நகலைத் தொழிலாளி கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும். வேலை மாறினாலும், பின்னர் இழப்பீடு கேட்டாலும் அதுவே சான்று.

இரைச்சலைத் தவிர வேறு எவை காதைக் கெடுக்கும்?

டொலுவீன், ஸ்டைரீன், சைலீன் போன்ற கரைப்பான்களும், ஈயமும், கார்பன் மோனாக்சைடும் செவித்திறனைப் பாதிக்கக்கூடியவை. இரைச்சலோடு சேரும்போது கேடு பெருகும். பெயின்ட் அடிக்கும் இடங்களிலும் அச்சகங்களிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் வகையும் புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் உள்காதைத் தாக்கும். அவற்றை எடுத்துக்கொள்பவர் தன் வேலை எத்தகையது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கருவுற்றிருக்கும் பெண்கள் இரைச்சலில் வேலை செய்யலாமா?

தாயின் காதுக் காப்பு கருவிலுள்ள குழந்தையைக் காக்காது. காப்பு அணிந்திருந்தாலும் 115 டெசிபலுக்கு மேற்பட்ட இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்று நயோஷ் அறிவுறுத்துகிறது. நூற்பாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிவதால், கருவுற்றவரை ஊதியக் குறைப்பின்றி இரைச்சல் குறைந்த பிரிவுக்கு மாற்றுவதை நிர்வாகம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

செவித்திறன் போய்விட்டால் இழப்பீடு கிடைக்குமா?

இ.எஸ்.ஐ. சட்டத்திலும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு தொழில்சார் நோயாகப் பட்டியலிடப்பட்டது. அந்த வகைப் பணியில் தொடர்ச்சியாக 6 மாதத்திற்குக் குறையாமல் இருந்தவருக்கு வரும் நோயை, மாறாக நிரூபிக்கப்படாத வரை, வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்கிறது. இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு மருத்துவக் குழு இழப்பின் விழுக்காட்டைத் தீர்மானிக்கும். வேலை விவரம், சேர்ந்த நாள், செவித்திறன் வரைபடங்கள் ஆகியவை கையில் இருந்தால் வழி எளிதாகும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேறு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேள்விக்குறைபாடாகக் கொள்ளப்படும். இரைச்சல் இழப்பு முதலில் உயர் அதிர்வெண்களைத் தாக்குவதால், அன்றாட வாழ்வில் பெரிதும் அல்லல்படும் பலர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

எங்கள் பட்டறையில் ஆறு பேர்தான். எங்களுக்குச் சட்டம் பொருந்தாதாமே?

பழைய சட்டத்தில் மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20 பேர். இதனால் இரைச்சலில் வாழும் சிறு தறிக்குடோன்களும் பட்டறைகளும் பெருமளவில் ஆய்வாளரின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. காது ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. இத்தகைய இடங்களில் சங்கமோ, உரிமையாளர்கள் கூட்டாகவோ ஓர் ஒலி அளவுமானியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆண்டுக்கொரு முறை அனைவரையும் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம்.

ஏற்கெனவே கேட்கும் கருவி அணிந்திருப்பவர் இரைச்சலில் வேலை செய்யலாமா?

கருவியை இயக்கியபடி கூடத்திற்குள் போகக் கூடாது. அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அணைத்துவிட்டால் காப்பாகும் என்பதும் தவறு. அவர் கருவியைக் கழற்றிவிட்டு மற்றவர்களைப் போலவே காப்பு அணிய வேண்டும், எச்சரிக்கைக்கு விளக்குச் சைகை வேண்டும். இருக்கும் செவித்திறனாவது மிஞ்ச வேண்டும் என்பதால் அவருக்கு இரைச்சல் குறைந்த பணியைத் தருவதே முறை. இரைச்சலிலிருந்து விலகியதும் அதனால் நேரும் இழப்பு பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். அதன்பின் வயதால் வரும் குறைவு மட்டுமே சேரும்.